டிரஸர் என்று கூப்பிட்டார்கள்

எஸ்டேட் கிளினிக்குகளில் புதிதாகச் சேர்ந்திருக்கும் தம்பிகளே, தங்கைகளே!

உங்கள் கழுத்தில் தொங்கும் அட்டையில் மருத்துவ உதவியாளர் என்று அழகாக அச்சடித்திருக்கிறார்கள். சந்தோஷம். என் அட்டையிலும் கடைசிப் பத்து வருஷம் அப்படித்தான் இருந்தது. ஆனால் அட்டையை யார் படிக்கிறார்கள்? நான் வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து ஓய்வு பெற்ற நாள்வரை லயத்து ஜனங்களுக்கு நான் புண்ணுக்கு மருந்து போட்டுக் கட்டுகிற டிரஸர்தான். வங்காளதேசத்திலிருந்து வந்த பையன்கள்கூட ஒரே வாரத்தில் அதைக் கற்றுக்கொண்டு "டிரஸர் பாய்" என்றார்கள். உங்களையும் அப்படிக் கூப்பிடுவார்கள். முகம் சுளிக்காதீர்கள்.

போன மாதம் உங்கள் பயிற்சி வகுப்பில் பேச என்னை அழைத்திருந்தார்கள். கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்த ஒரு தங்கை கையைத் தூக்கி, "அங்கிள், டிரஸர்னா என்னா? கண்ணாடி வச்ச மேசைதானே?" என்று கேட்டது. வகுப்பே சிரித்தது. நானும் சிரித்தேன். வீட்டுக்கு வந்து சட்டையைக் கழற்றும்போதுதான் சுருக்கென்றது. முப்பது வருஷத்துக்கு மேல் சுமந்த பெயர் அல்லவா? அன்று சொல்லாத பதிலை இங்கே எழுதுகிறேன்.

அந்தத் தங்கையைக் குறை சொல்ல முடியாது. டிரெஸ் என்றால் நமக்குத் துணி, தீபாவளிக்கு எடுப்பது. தம்பின் டவுன் பசாரில் இறகு பிடுங்கி, குடல் எடுத்து, கழுவி வைத்த கோழியை ஆங்கிலத்தில் டிரெஸ் செய்த கோழி என்பார்கள். பாவம், அதன் உடம்பில் இருந்ததையெல்லாம் உருவிய பிறகு அப்படி ஒரு பெயர்! பெரிய ஹோட்டலில் பச்சை இலைகளின்மேல் ஊற்றும் புளிப்புச் சாறு டிரெஸ்ஸிங். எங்கள் எஸ்டேட் காவலாளி பட்டாளத்திலிருந்து வந்தவர். காலைப் பெரட்டில் பெயர் கூப்பிடும்போது ஆட்கள் கோணல்மாணலாக நின்றால் "டிரெஸ்! டிரெஸ்!" என்று அதட்டுவார். எல்லாரும் தங்கள் சட்டையைக் குனிந்து பார்ப்பார்கள். வரிசையை நேராக்கச் சொல்கிறார் என்று புரிய அவர்களுக்கு இரண்டு மாதம் ஆனது.

நான் பெண் பார்க்கப் போன வீட்டில், மாப்பிள்ளை டிரஸர் என்று தரகர் சொன்னதும் பெண்ணின் அத்தை, "ரவிக்கை நல்லா தைப்பாரா?" என்று கேட்டார். இன்றைக்கும் பொங்கலுக்கு மாமனார் வீட்டுக்குப் போனால் பட்டன் அறுந்த சட்டையோடு யாராவது என் முன்னால் வந்து நிற்பார்கள். எனக்குக் கோபம் வரும் என்று தெரிந்தே செய்வார்கள்.

இத்தனை இருந்தும், அந்தச் சொல் எங்கிருந்து வந்தது என்று நான் தேடிப் பார்த்தது ஒரே ஒரு நாள்தான். சிரம்பான் பெரிய ஆஸ்பத்திரியில், ஆபரேஷன் அறைக்கு வெளியே, ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு. என் கவனக்குறைவால் ஒரு பெண்ணின் விரல் போய்விடுமோ என்று பயந்து கிடந்த நாள் அது.

அவள் பெயர் சரசு. ரெம்பாவ் தாண்டி நான் கடைசியாக வேலை பார்த்த எண்ணெய்ப்பனைத் தோட்டத்தில் உதிர்ந்த பழம் பொறுக்கும் வேலை. நாற்பதைத் தாண்டியவள், வாய் கொஞ்சம் நீளம். தோட்டத்தில் மிச்சமிருந்த ஏழெட்டுத் தமிழ்க் குடும்பங்களில் அவளுடையதும் ஒன்று. புருஷன் ஜொகூரில் லாரி ஓட்டிக்கொண்டிருந்தான். குனிந்து குனிந்து இடுப்பு விட்டுப்போச்சு என்று அவள் நாலு வருஷமாகச் செண்டாயான் பக்கம் தொழிற்சாலை வேலை தேடிக்கொண்டிருந்தாள். கடைசியில் ஒன்று கிடைத்தது. சின்னச் சின்ன மின்பாகங்களைப் பலகையில் பொருத்துகிற வேலை, குளிர்சாதன அறை, உட்கார நாற்காலி. அடுத்த திங்கட்கிழமை போய்ச் சேர வேண்டும். "சார், இனிமே நான் ஏர்கோன்லதான் வேர்ப்பேன்" என்று லயம் முழுக்கச் சொல்லித் திரிந்தாள்.

அந்த வாரம் வியாழக்கிழமை காலையில் அவள் வலது ஆள்காட்டி விரலில் பனை மட்டையின் முள் ஏறிவிட்டது. விரலின் உள்பக்கம், நடு மூட்டுக்குப் பக்கத்தில். கையுறையைக் கழற்றிவிட்டுப் பழம் பொறுக்கியிருக்கிறாள்.

நான் முள்ளை எடுத்தேன். மருந்து போட்டுக் கழுவினேன். ஊசி போட்டேன். நீங்கள் படித்ததெல்லாம் நானும் செய்தேன், அதை விட்டுவிடுவோம். எடுத்த முள்ளின் நுனி கூர்மையாக இருக்கிறதா, முறிந்திருக்கிறதா என்று மட்டும் நான் பார்க்கவில்லை. சாவணத்தில் வந்ததைக் குப்பையில் போட்டுவிட்டேன்.

ஏன் பார்க்கவில்லை என்று பிறகு எத்தனையோ முறை யோசித்திருக்கிறேன். அன்று அந்தக் காயம் சின்னதாக இருக்க வேண்டும் என்று எல்லாருமே ஆசைப்பட்டோம். முதல் ஆள் சரசு.

"சார், பெரிய கட்டா போட்றாதீங்கலா. திங்கக்கெழம ஃபேக்டரில கைய காட்டச் சொல்லுவாங்க. சும்மா ஒரு பிளாஸ்தர் ஒட்டுங்க, போதும்."

அடுத்தது ஆபீஸ். உங்கள் தோட்டங்களிலும் வாசலில் அந்தப் பலகை இருக்கும், விபத்தில்லாத நாட்கள் என்று போட்டு எண்ணைத் தினமும் மாற்றுவார்களே, அது. எங்கள் பலகை சனிக்கிழமை ஆயிரத்தைத் தொட இருந்தது. தலைமை அலுவலகத்திலிருந்து ஆட்கள் வருகிறார்கள், ஆட்டுக்கறி விருந்து, ஆளுக்கொரு குடை. கிளினிக்கிலேயே மருந்து போட்டு ஆள் வேலைக்குத் திரும்பிவிட்டால் அது விபத்தாகாது, முதலுதவிதான். எம்.சி. போட்டு மருத்துவ லீவு எழுதிக்கொடுத்தாலோ ஆஸ்பத்திரிக்கு அனுப்பினாலோ பலகை பூஜ்யத்துக்குப் போய்விடும். யாரும் என்னை மிரட்டவில்லை. மேனேஜர் கிளினிக் வாசலில் ஜீப்பை நிறுத்தி, எட்டிப் பார்த்து, "முதலுதவிதானே டிரஸர்?" என்று மட்டும் கேட்டார். நல்ல மனுஷர். என் மகள் கல்யாணத்துக்கு இரண்டு நாள் முன்னாலேயே வந்து பந்தல் வேலையைப் பார்த்தவர்.

"முதலுதவிதான் சார்" என்றேன். மூன்றாவது ஆள் நான். எனக்கும் அந்த ஆயிரத்தில் பெருமை இருந்தது. இதை மறைத்துவிட்டு உங்களுக்குப் புத்தி சொல்வது அயோக்கியத்தனம்.

சரசுவின் விரலுக்கு நான் போட்ட கட்டு இருக்கிறதே, அவ்வளவு அழகு. வெள்ளைவெளேரென்று, ஒரு சுருக்கம் இல்லாமல். அதில் எனக்கு எப்போதுமே கொஞ்சம் திமிர் உண்டு.

வெள்ளிக்கிழமை காலை அவள் வாசலில் நின்று கையைக் காட்டினாள். உள்ளே காய்ச்சலோடு ஆறேழு பேர் உட்கார்ந்திருந்தார்கள்.

"வலிக்குதா?"

"இல்ல சார். லேசா கனமா இருக்கு, அவ்வளவுதான்."

கட்டு நனையவில்லை, அழுக்காகவில்லை, அவிழவில்லை. "சரி, போ" என்று சொல்லிவிட்டேன். தம்பிகளே, அன்று நான் பார்த்தது கட்டை. விரலைப் பார்க்கவில்லை. பிரித்துப் பார்க்க எவ்வளவு நேரம் ஆகியிருக்கும், ஐந்து நிமிஷம்? அந்த ஐந்து நிமிஷத்தை நினைத்தால் இப்போதும் என்மேலேயே எனக்கு ஆத்திரமாக வருகிறது.

சனிக்கிழமை மத்தியானம் கூடத்தில் விருந்து. மேடையில் தலைமை அலுவலகத்தார் பேசிக்கொண்டிருந்தார்கள். பின்பக்கம் பெண்கள் வெள்ளரிக்காய் நறுக்கிக்கொண்டிருந்தார்கள். நான் தண்ணீர் குடிக்கப் போனேன். சரசு இடது கையால் நறுக்கிக்கொண்டிருந்தாள். வலது கையை மடியில் வைத்து முந்தானையால் மூடியிருந்தாள். அவள் யாரோடும் பேசவில்லை. சரசு வாயைத் திறக்காமல் உட்கார்ந்து நான் பார்த்ததே கிடையாது.

"கைய எடு" என்றேன்.

"ஒண்ணும் இல்ல சார்."

"எடுன்னு சொன்னேன்ல!"

கூட்டிக்கொண்டு போய்க் கிளினிக்கைத் திறந்து கட்டைப் பிரித்தேன். விரல் முழுக்க ஒரே அளவில் வீங்கி, பளபளவென்று, பாதி மடங்கி நின்றது. "நிமுத்து பாப்போம்" என்றேன். அவளால் முடியவில்லை. நான் விரல் நுனியைப் பிடித்து ஒரு நூல் அளவு தூக்கினேன். அவள் கத்தவில்லை. கண்ணிலிருந்து தண்ணீர் மட்டும் பொலபொலவென்று கொட்டியது. விரலுக்குள் தசைநாண் ஓடும் உறையில் சீழ் பிடித்துவிட்டது. இனி மணிக்கணக்குத்தான். விட்டால் விரல் போகும், உள்ளங்கைக்கு இறங்கினால் கையே போகும்.

"சிரம்பானுக்குப் போறோம், இப்பவே."

"ஐயோ சார், அட்மிட் பண்ணிட்டா திங்கக்கெழம எப்பிடிப் போவேன்? செவ்வாக்கெழம வர்றேன் சார். நாலு வருஷமா அலைஞ்சேன், ஒங்களுக்குத் தெரியும்ல."

"விரல் இல்லாம அங்க போயி என்னத்த பொருத்துவ?"

அவள் என்னை நிமிர்ந்து பார்த்தாள். "முள்ள எடுத்துட்டேன்னு நீங்கதானே சொன்னீங்க? நேத்து காட்டுனப்ப போன்னு சொன்னது யாரு, நீங்கதானே?"

இந்த இடத்தில் நமக்கு வாயில் நூறு பதில் வரும். நீ கையுறை போடவில்லை, நேற்று நீதானே வலி இல்லை என்றாய், இப்படி. எனக்கும் வந்தன, அத்தனையும் உண்மைதான். என் கோபக்காரப் புத்தி அதில் ஒன்றை எடுத்து வீசியிருக்கும். அவள் விரலைப் பார்த்துக்கொண்டே இருந்ததால் தப்பித்தேன்.

"ஆமா, நான்தான். நான் பண்ணது தப்பு சரசு. உள்ளே முள்ளு ஒடஞ்சு நிக்கிது, நான் பாக்கல. இதுக்கு மேல ஒரு தப்பு பண்ண முடியாது. எந்திரி."

அவள் எழுந்தாள்.

மேனேஜரை மேடைக்குப் பின்னால் அழைத்துச் சொன்னேன். அவர் முகம் விழுந்துவிட்டது. மேடையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "விருந்தாளிங்க மூணு மணிக்குக் கெளம்பிருவாங்க டிரஸர். அதுவரைக்கும் தாங்காதா?"

"தாங்காது சார்."

"அப்ப ஒண்ணு பண்ணலாம்லா. வீட்டுல குத்துச்சுன்னு எழுதிருவோம். அவளுக்கும் நஷ்டம் இல்ல, நமக்கும் இல்ல."

"எழுதுறத நாளைக்குப் பேசுவோம் சார்" என்று சொல்லிவிட்டு என் பழைய காரில் அவளை ஏற்றினேன். அந்த நேரத்தில் எதற்கு முதலில் பதில் சொல்வது என்று தெரிந்திருக்க வேண்டும். வாக்குவாதத்துக்கு நின்றிருந்தால் அரை மணி நேரம் போயிருக்கும். ரெம்பாவ் ஆஸ்பத்திரியில் நிறுத்தினால் அங்கிருந்தும் சிரம்பானுக்குத்தான் அனுப்புவார்கள் என்று நேரே விட்டேன்.

அவளை உள்ளே கொண்டுபோன பிறகு எனக்கு வேலை இல்லை. டாக்டர் ஒரு மலாய்ப் பெண், என் மகள் வயதுதான் இருக்கும். காயத்தைச் சுத்தம் செய்தது யார் என்று கேட்டார். நான் என்றேன். கடைசியாக எப்போது திறந்து பார்த்தீர்கள் என்றார். வியாழன் என்றேன். அவர் திட்டவில்லை, குறித்துக்கொண்டு உள்ளே போய்விட்டார். திட்டியிருந்தால் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

கையில் போன் இருந்தது. என்ன தேடுகிறோம் என்று தெரியாமலே என் வேலையின் பெயரைத் தட்டினேன். பழைய பிரெஞ்சிலிருந்து வந்ததாம். அதற்கும் முன்னால் லத்தீன். அங்கே அதன் பொருள் நேராக்குவது. கோணியதை நிமிர்த்துவது, கலைந்ததை ஒழுங்கு செய்வது. அந்த ஒரு வேரிலிருந்துதான் எல்லாம் கிளைத்திருக்கிறது. வரிசையை நேராக்குவதும், சமையலுக்குக் கோழியைத் தயார் செய்வதும் அதுவே. சமையலுக்கு வேண்டியதை எடுத்துவைக்கும் மேசைக்கு டிரஸர் என்று பெயர் வந்து, பிறகு அது படுக்கையறைக்குள் போய்க் கண்ணாடி மாட்டிக்கொண்டதும் அப்படித்தான். தபாலில் எழுதுகிற அட்ரஸ் இருக்கிறதே, அதுவும் இதே குடும்பம்தானாம்: ஒன்றை நேராக அதன் இடத்துக்கு அனுப்புவது. புண்ணைச் சரிசெய்வதற்கு இந்தச் சொல்லைச் சொல்லத் தொடங்கி ஐந்நூறு வருஷத்துக்கு மேல் ஆகிறது. உடுத்திக்கொள்ளும் துணிக்கு டிரெஸ் என்று பெயர் வந்தது அதற்கும் பிற்பாடு.

மறைப்பது, மூடுவது, சுற்றுவது என்ற அர்த்தம் அந்த வேரில் எங்குமே இல்லை. நான் அதை இரண்டு தடவை படித்தேன். பிறகு போனைச் சட்டைப் பையில் போட்டுவிட்டுச் சும்மா உட்கார்ந்திருந்தேன். அழுகை வந்தது. துடைத்துக்கொள்ளவும் தோன்றவில்லை.

சாயங்காலம் டாக்டர் வெளியே வந்து ஒரு சின்ன எஃகுத் தட்டைக் காட்டினார். நொய் அரிசி அளவுக்கு ஒரு கறுப்புத் துண்டு. விரல் தப்பிவிட்டது, நாளை வந்திருந்தால் உறுதி சொல்லியிருக்க மாட்டேன் என்றார்.

மறுநாள் ஞாயிறு. மேனேஜர் என் வீட்டுக்கே வந்துவிட்டார். காப்பி குடித்தார். அவர் கேட்பதற்கு முன்னால் நான் எழுதி வைத்திருந்த அறிக்கையை நீட்டினேன். எந்த இடத்தில், எந்த வேலையில் முள் ஏறியது என்பது முதல் பத்தி. முள்ளின் நுனியை நான் சரிபார்க்கவில்லை, வெள்ளிக்கிழமை கட்டைப் பிரிக்கவில்லை என்பது இரண்டாவது பத்தி.

"ரெண்டாவது எதுக்கு? ஒங்களுக்கே நீங்க குழி வெட்டுறீங்க" என்றார்.

"அது இல்லாட்டி மொதல் பத்திய நம்ப மாட்டாங்க சார்."

அவர் கையெழுத்துப் போட்டார். திங்கட்கிழமை காலையில் பலகையில் பூஜ்யம் ஏறியது. எனக்கு எச்சரிக்கைக் கடிதம் வந்தது, நியாயமான கடிதம். ஆட்கள் இரண்டு வாரம் முணுமுணுத்தார்கள். கொடுத்த குடையைத் திருப்பிக் கேட்பார்களோ என்பதுதான் அவர்களுடைய பெரிய பயம்!

தொழிற்சாலைக்கு நானே போன் செய்தேன். இடத்தை வைத்திருக்க முடியாது என்று மரியாதையாகச் சொல்லிவிட்டார்கள். ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பிய சரசு, விரல் பயிற்சிக்காகத் தினமும் காலையில் கிளினிக்குக்கு வருவாள். கையை மேசைமேல் வைப்பாள். என் முகத்தைப் பார்க்க மாட்டாள். நான் மடக்கி நீட்டிவிட, பல்லைக் கடித்துக்கொண்டு ஜன்னல் பக்கம் பார்ப்பாள். ஒரு மாதம் இப்படி. மன்னிப்புக் கேட்டுவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று உங்களுக்கு யாராவது சொன்னால் நம்பாதீர்கள். நம் தப்பால் வேலையை இழந்தவளுக்கு நம்மேல் கோபப்பட உரிமை உண்டு. அந்தக் கோபத்தோடு அவள் நம் முன்னால் உட்கார்ந்திருக்கும்போதும் கையை ஒழுங்காகப் பார்க்க வேண்டியதுதான் நம் வேலை.

இரண்டாவது மாதம் ஒரு நாள் பச்சைப்பயறும் ஒரு சின்னப் போத்தலும் கொண்டுவந்தாள். "நேரம் பாருங்க" என்றாள். ஒவ்வொரு பயறாக எடுத்து வாய் குறுகிய அந்தப் போத்தலுக்குள் போட்டாள். பாதிக்கு மேல் சிந்தியது. மறுநாளும் வந்தாள். மூன்று மாதம் போனது. விரலின் கடைசி மூட்டு மட்டும் மடங்கவே இல்லை, இன்றுவரை மடங்காது. தொழிற்சாலை மறுபடி ஆள் எடுத்தபோது போனாள். பொருத்துகிற பிரிவில் நேரம் போதாமல் தோற்றுப்போனாள். பெட்டியில் அடுக்குகிற பிரிவில் எடுத்துக்கொண்டார்கள். ஏர்கோன் உண்டு, ஆனால் நின்றுகொண்டே செய்ய வேண்டும்.

அதற்கப்புறம் ஒரு ஞாயிற்றுக்கிழமை. நான் கிளினிக்கை அரைநாளோடு மூடிவிட்டு ரெம்பாவில் ஒரு கல்யாணத்துக்குக் கிளம்பிக்கொண்டிருந்தேன், சட்டையெல்லாம் போட்டாகிவிட்டது. பக்கத்து வீட்டு இந்தோனேசியப் பெண்ணின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு சரசு வந்தாள். அந்தப் பெண்ணுக்கு உள்ளங்கையில் முள். நான் கிளினிக்கை மறுபடி திறந்து, நின்றபடியே முள்ளை எடுத்தேன், லேசாக வந்துவிட்டது. பழக்கதோஷம், என் கை பிளாஸ்தர் டப்பாவுக்குப் போனது.

சரசு டப்பாவைத் தன் பக்கம் நகர்த்திக்கொண்டாள்.

"மொதல்ல பாருங்க சார். அப்புறமா கட்டலாம்."

என் கிளினிக்கில் எனக்கே சொல்கிறாளே என்று ஒரு கணம் சுள்ளென்றது. பிறகு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன். விளக்கைப் பக்கத்தில் கொண்டுவந்து, அந்தப் பெண்ணின் கையை விரித்துப் பிடித்தேன். சரசு அந்தப் பக்கம் நகரவில்லை. இரண்டாவது துண்டை எடுத்து நான் தட்டில் வைக்கும்வரை என் தோளுக்குப் பக்கத்திலேயே நின்று பார்த்துக்கொண்டிருந்தாள்.